ஹட்டனில் ஒரு ‘பணக்கார’ வகுப்பு: 1,500 ரூபாய்க்குத் தகுமா?

போன ஞாயிறு ஹட்டன் டவுனில், அமெரிக்கப் பங்குச்சந்தைக் கோடீஸ்வரர் வொரன் பஃபெட்டின் வாழ்க்கையை வைத்து நடந்த மூன்று மணிநேர வகுப்புக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். டிக்கெட் 1,500 ரூபாய். 2024இல் கூட்டினபோதுகூட தோட்டத்தில் ஒரு முழுப் பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், 1,350தான் என்பதால், உள்ளே போகும்போதே அம்மா முகம் சரியில்லை.

முதல் மணிநேரம் உண்மையிலேயே நல்லா இருந்தது. பஃபெட் 11 வயதில் 38 டொலர்ப்படி மூன்று பங்கு வாங்கி, விலை 27க்கு விழுந்ததும் பயந்து, 40க்கு ஏறினதும் விற்றுவிட்டாராம். பிறகு அது 200ஐத் தாண்டியது. கூட்டுவட்டியை நம்ம சீட்டுக் கணக்கில் வைத்துச் சொன்னதால் அம்மாவுக்கும் விளங்கிவிட்டது. 1958இல் 31,500 டொலருக்கு வாங்கின வீட்டிலேயே இன்னும் இருக்கிறார் என்று வகுப்பு நடத்தின சேர் உருகினபோது, அம்மா என் காதில், “நாமளும் ஒரே லயத்துலதான் இருக்கோம், யாரும் பாராட்டக் காணோமே” என்றார்.

இடைவேளையில் ஆறின வடையும் பிளேன்டீயும். தேயிலை விளையிற ஊரில் இப்படியொரு சாயத்தண்ணி கொடுக்க மனசு வரணும்.

சறுக்கியது அதற்குப் பிறகுதான். 1965இல் பஃபெட் கையில் எடுத்த பெர்க்‌ஷயர் ஹாத்தவே ஒரு துணி ஆலை. 1985இல் நெசவை மூடிவிட்டார். சேர் இதை ஒரே வரியில் தாண்டினார். அம்மா கையைத் தூக்கி, “ஏங்கய்யா, அங்க வேல செஞ்ச சனமெல்லாம் எங்க போனாங்க?” என்று கேட்டார். “கடைசியில பார்ப்போம்மா” என்றவர் பார்க்கவே இல்லை. வீட்டுக்கு வந்து, பஃபெட் தன் பங்குதாரர்களுக்கு எழுதின அந்த வருசத்துக் கடிதத்தைத் தேடி வாசித்தேன். ஊருக்கு வேலை கொடுக்கிற ஆலை என்பதாலும் அவ்வளவு காலம் மூடாமல் இருந்தாராம். 1981இல் சுமார் 5,000 டொலருக்கு வாங்கின தறியை 50 டொலருக்கும் கேட்க ஆளில்லை. 26க்கு இரும்பு விலையில் போட்டார்கள். இதை மறைக்காமல் எழுதினவர் பஃபெட். மறைத்தது நம்ம சேர்.

தர்மக் கதையும் அரைகுறைதான். 2006இல் பஃபெட் தன் பங்குகளில் 85 வீதத்தை ‘ஒரே நாளில் தூக்கிக் கொடுத்தார்’ என்றார். அன்றைக்குக் கொடுத்தது வாக்கு. பங்குகள் போவது வருசா வருசம். பெரும்பகுதி தன் பெயரில் இல்லாத, பில் கேட்ஸின் அறக்கட்டளைக்கு. எனக்குப் பிடித்ததே அதுதான். எங்கள் தோட்டத்தில் தண்ணி டாங்கி கொடுத்தவர்களின் பெயர்ப்பலகை டாங்கியைவிடப் பெருசு. பாதிக்கு மேல் கொடுப்போம் என்று மற்றக் கோடீஸ்வரர்களிடம் வாக்கு வாங்க 2010இல் கேட்ஸ் தம்பதியோடு சேர்ந்து தொடங்கின முயற்சி பற்றி ஒரு சொல் இல்லை. அந்த நேரத்தில் சேர் 25,000 ரூபாய்க்கு ஃபோனில் பங்கு வாங்கி விற்கிற கோர்ஸ் விற்றுக்கொண்டிருந்தார். பங்கை வாங்கினால் வருசக்கணக்கில் வைத்திரு என்று சொல்கிற மனுசன் பெயரில்!

ஐந்துக்கு இரண்டரை. அடுத்தது பண்டாரவளையிலாம். போகிறவர்கள் முன்வரிசையில் உட்காருங்கள், பின்னால் மைக் கேட்காது. வடைக்கு முன் எழும்பி வந்தாலும் நட்டமில்லை.