68,000 ரூபா வாங்கிட்டு ரெஜிபோம் ஒட்டிட்டுப் போயிட்டானுகள்: கோர்னிஸ் அடிக்கப் போறவங்க கவனம்

சுவரும் சீலிங்கும் சேருற இடத்துல ஓடுற அலங்காரப் பட்டைதான் கோர்னிஸ். அதை ஒட்டி மூணு நாள்தான். நேத்து ராவு எட்டடித் துண்டு ஒண்டு சாப்பாட்டு மேசைக்கு மேல கழண்டு விழுந்துச்சு. புரட்டிப் பாத்தா பின்பக்கம் சுவர்ப் பெயிண்ட் தோல் மாதிரி உரிஞ்சி வந்திருக்கு. பசை பட்ட இடமெல்லாம் கறையான் தின்ன மாதிரிக் குழி. 68,000 ரூபாக்கு ஜிப்சம் எண்டு சொல்லி ஒட்டினது, 2017ல சோத்துப் பெட்டிக்குத் தடை போட்டாங்களே, அந்த ரெஜிபோம், பாரமில்லாத வெள்ளை நுரைச் சாமான்.

ஆள் ஃபேஸ்புக்கில வீட்டு அலங்கார வேலைக்கு விளம்பரம் போடுறவர். ஹோல் 20க்கு 14, அறை ரெண்டும் 12க்கு 11. மூணுக்கும் சேத்துச் சுத்தளவு 160 அடி, அடிக்கு 425, சாமானும் கூலியும் சேத்து.

நம்பினது எதால எண்டா, மாதிரித் துண்டால. ஒரு சாண் நீளம் இருக்கும். கையில வாங்கினா கனம், குளிர்ச்சி. வெட்டின முகத்துல நார் நீட்டிக்கிட்டு நிண்டுது. ஜிப்சம் வார்ப்புல உடையாம இருக்க நார் வைக்கிறதுதான், அதனால சந்தேகம் வரல்ல. “ஒரு சொட்டு நிலத்துல விழாது அண்ணன், பின்னேரமே பாய் போட்டுப் படுக்கலாம்” எண்டாரு. கொழும்பில இருந்து சாமான் எடுக்கணும் எண்டு முழுக்காசும் கேட்டாரு. வங்கியில போட்டாச்சு. 68,000.

வேலை நடந்த அண்டைக்கு வீட்டுல அம்மா மட்டும்தான். நிலத்துக்குப் பொலித்தீன் விரிக்கல்ல, வெட்டினதும் ஹோலுக்குள்ளயே. பேன் இலையில இருந்து சாமித்தட்டு வரைக்கும் வெள்ளைக் குறுணி.

ரெஜிபோம் கோர்னிஸ் கெட்ட சாமான் இல்ல. பாரம் குறைவு, சீலிங்குக்கு நல்லம். ஆனா அதுக்குத் தின்னர் இல்லாத பசைதான் போடணும். இவனுகள் போட்டது செருப்புக்குப் போடுற மஞ்சள் பசை. அதுல இருக்கிற தின்னர் ரெஜிபோமைக் கரைச்சிரும். சுவரையும் சுரண்டல்ல. பழைய பெயிண்ட் மாவாகி நிக்கிற சுவருல, கோர்னிஸ் இருக்கிற பட்டையைக் கீறி, தூசி தட்டி, ஈரத் துணியால துடைச்சிட்டுத்தான் ஒட்டணும். இல்லாட்டி பசை பிடிக்கிறது பெயிண்டை, சுவரை இல்ல.

மூலை இன்னும் மோசம். மூலைக்கு 45 பாகை சரிவா வெட்ட வாள் வழி காட்டுற மைட்டர் பெட்டியில துண்டைத் தலைகீழா வைக்கணும்: சீலிங்கில படுற விளிம்பு பெட்டியின்ட அடியில, சுவருல படுறது பக்கத்துல. நிமித்தி வெச்சு வெட்டினா 45 பாகை எதிர்ப்பக்கம் போயிரும். ஹோல்ல நாலு மூலையிலயும் விரல் போற இடைவெளி, உள்ளுக்குப் புட்டியை அப்பியிருக்கு. தடிப்பா அப்பின புட்டி காஞ்சா சுருங்கி வெடிக்கும், வெடிச்சிட்டு. தாங்கலுக்கு அடிச்ச ஆணியைப் பசை இறுகினதும் கழட்டியிருக்கணும். அதையும் விட்டு மேல புட்டி பூசியிருக்கானுகள். எங்கட கல்லடிக் கடற்கரை உப்புக் காத்துக்கு அது ஊத்தைத் துருவா வெளிய வரும், பாருங்க.

கோல் எடுத்தா முதல்ல “காயட்டும் அண்ணன், ரெண்டு நாளையில இறுகிரும்”. துண்டு விழுந்த போட்டோ அனுப்பினா “பேனை வேகமாப் போட்டிருப்பீங்க”. மறுகா “ஒட்டின மேசன் பாஸ் அக்கரைப்பற்றுல வேலையில நிக்கிறாரு”. ஜிப்சம் எண்டுதானே சொன்னீங்க எண்டு கேட்டதுக்கு, “ஜிப்சம் டிசைன் எண்டுதான் சொன்னது”. டிசைனுக்கா 68,000? இப்ப கோலுமில்ல.

எப்படிச் சுத்தமா அடிக்கிறது எண்டு முழுசா எழுதத்தான் இருந்தன், இப்ப மனசு இல்ல. இதை மட்டும் பாருங்க. மாதிரித் துண்டைத் திருப்பிக் குடுக்காதீங்க, வந்த சாமானோட ஒப்பிட்டுப் பாருங்க. எட்டடித் துண்டை ஒரு விரலால தூக்க முடிஞ்சா அது ஜிப்சம் இல்ல. சந்தேகமா இருந்தா வெட்டுத் துண்டுல தின்னர் ஒரு சொட்டு விடுங்க, ரெஜிபோம் உருகும். வெட்டுறது முத்தத்துல. ஜிப்சம் பசை அரை மணித்தியாலத்துக்குள்ள முடிக்கிற அளவு மட்டும் கலக்கணும், வெளிய பிதுங்கினதை உடனே ஈரப் பஞ்சால துடைக்கணும், காஞ்சா உளிதான். காசு பாதிக்கு மேல குடுக்காதீங்க. பில்லுல சாமான்ட பேரை எழுதி வாங்குங்க. 1977க்கு, அதான் பாவனையாளர் அதிகார சபை நம்பருக்கு, முறைப்பாடு சொல்லப் போனாலும் அது வேணும். எனக்கிட்ட இருக்கிறது வங்கித் துண்டு மட்டும்தான்.

இதை எழுதிக்கிட்டு இருக்கக்குள்ளயே சின்ன அறையில இன்னொண்டு தொங்கத் தொடங்கிட்டு. அம்மாவ அங்க படுக்க வேணாம் எண்டு சொல்லியிருக்கன்.