அவுட்லுக்கைத் திறந்ததும் வேலைப் பட்டியல் வர வேண்டுமா?

காலை ஒன்பதரைக்கு மைக்ரோசாஃப்ட்டின் அஞ்சல் மென்பொருளான அவுட்லுக்கைத் திறந்தால் இன்பாக்ஸ்தான் முதலில் வந்து நிற்கும். ராத்திரி வந்த அஞ்சல்கள் வரிசையாகக் கிடக்கும். ஒன்றுக்குப் பதில் எழுத உட்கார்ந்தால் பதினொரு மணி ஆகிவிடும். அன்றைக்குத் தாக்கல் செய்ய வேண்டியது அப்படியே இருக்கும்.

நான் திருப்பூரில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் பனியன் கம்பெனிகளுடைய கணக்கைப் பார்க்கிறேன். எங்களுக்கு மாதம் என்றால் தேதிதான். 7 டிடிஎஸ் (பிடித்தம் செய்த வரி), 11 ஜிஎஸ்டிஆர் 1 (விற்பனைக் கணக்கு), 15 பிஎஃப், இஎஸ்ஐ (தொழிலாளர் சேமநிதி, காப்பீடு), 20 ஜிஎஸ்டிஆர் 3பி (ஜிஎஸ்டி வரிக் கணக்கு). மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தாக்கல் செய்கிற சின்ன யூனிட்டுகளுக்கு 3பி தேதி 22. ஜிஎஸ்டி தாக்கல் ஒரு நாள் தள்ளிப்போனாலும் 50 ரூபாய் தாமதக் கட்டணம். கட்டாத வரிக்கு வருஷத்துக்கு 18 சதவீதம் வட்டி தனி. பார்ட்டி, அதாவது கணக்கைக் கொடுக்கும் வாடிக்கையாளர், நம்மை நம்பி பில் கட்டைக் கொடுத்துவிட்டுத் தூங்குகிறார். அதனால் காலையில் கண்ணில் முதலில் படுவது அஞ்சலாக இருக்கக் கூடாது.

கம்ப்யூட்டரில் நிறுவிக்கொள்ளும் கிளாசிக் அவுட்லுக்கில் இதை மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. எனக்கு அந்த மென்பொருளில் மிகவும் பிடித்த வசதியும் இதுதான். ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு என்று போனால், அவுட்லுக் எந்த ஃபோல்டரில் தொடங்க வேண்டும் என்று ஒரு வரி இருக்கும். பக்கத்தில் பிரவுஸ். அதை அழுத்தி, வேலைகளைக் குறித்து வைக்கும் டாஸ்க்ஸ் ஃபோல்டரைக் காட்டிவிட வேண்டும். அடுத்த தடவை திறக்கும்போது வேலைப் பட்டியல் வரும். அஞ்சல் பின்னால் இறங்கிக்கொண்டே இருக்கும். வேண்டும்போது கன்ட்ரோலோடு 1 அழுத்தினால் போதும். வேலைக்குத் திரும்ப கன்ட்ரோலோடு 4.

பாதிப் பேர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். பட்டியல் எந்த வியூவில், அதாவது எந்தக் காட்சி அமைப்பில், திறக்கிறது என்பதுதான் முக்கியம். சிம்பிள் லிஸ்ட்டில் முடித்த வேலையும் கோடு அடித்தபடி கிடக்கும். மூன்று மாதம் போனால் எது பாக்கி என்றே தெரியாது. ஆக்டிவ் வியூவில் முடியாதவை மட்டும் நிற்கும். அடுத்த 7 நாள் வேலையை மட்டும் காட்டும் வியூவும், தேதி தாண்டியதை மட்டும் காட்டும் வியூவும் தனித்தனியாக உண்டு. கடைசியாக எந்த வியூவில் விட்டோமோ, அந்த ஃபோல்டர் அதிலேயே திறக்கும். தனியாக டிஃபால்ட் என்று ஒரு பொத்தானைத் தேடி அலைய வேண்டாம்.

நான் மேனேஜ் வியூஸில் போய் எனக்கென்று ஒரு வியூ செய்து வைத்திருக்கிறேன். முதலில் பார்ட்டி பெயரை கேட்டகிரியாக வைத்து அதன்படி குழு குழுவாகப் பிரித்தேன். பார்க்க அழகாக இருந்தது, ஆனால் குழுக்கள் அகர வரிசையில் நின்றன. இன்றைக்குக் கடைசி நாள் உள்ள பார்ட்டி பட்டியலின் அடியில் போய்விட்டார். குழுவை எடுத்துவிட்டேன். இப்போது கெடு தேதிப்படி வரிசை, பக்கத்தில் பார்ட்டி பெயருக்கு ஒரு பத்தி, முடித்தவை வடிகட்டப்பட்டிருக்கும். கெடு தாண்டியது தானாகவே சிவப்பில் நிற்கும். முன்பெல்லாம் ஜூனியர் பெண் வந்ததும், “அக்கா, இன்னைக்கு யாரோடதுங்க மொதல்ல?” என்று கேட்பாள். இப்போது அவள் கம்ப்யூட்டரிலும் இதே வியூதான். மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு போகிறாள்.

தெரிந்துகொள்ள வேண்டிய இடங்கள் இரண்டு. பிறகு பார்க்கலாம் என்று கொடி குத்திய அஞ்சல், டூ-டூ லிஸ்ட் என்ற இன்னொரு பட்டியலில்தான் வரும், டாஸ்க்ஸ் ஃபோல்டரில் வராது. இதைக் கவனிக்காமல் கொடியை நம்பினால் வேலை விட்டுப்போகும். நான் அஞ்சலை இழுத்து டாஸ்க்ஸ் சின்னத்தின் மேல் விட்டுவிடுகிறேன். அதே தலைப்பில் ஒரு டாஸ்க் திறக்கும், தேதி மட்டும் போட்டால் போதும். இரண்டாவது, மாதாமாதம் திரும்பும் வேலை. இந்த மாத 3பியை முடித்ததாக டிக் செய்தால்தான் அடுத்த மாதத்தது பட்டியலில் தோன்றும். ஆகவே தாக்கல் செய்த கையோடு டிக் அடிக்கும் பழக்கம் வேண்டும்.

புதிய அவுட்லுக்கில் இந்த டாஸ்க்ஸ் பகுதி இல்லை. மைக்ரோசாஃப்ட்டின் டூ டூ என்ற செயலிதான் அந்த இடத்தில் இருக்கிறது. வீட்டு மளிகைப் பட்டியலுக்கு அது நல்ல செயலி, மொபைலிலும் சுலபம். ஆனால் பத்தி சேர்த்து, வடிகட்டி, நமக்கென்று ஒரு வியூ கட்டிக்கொள்ள அதில் வழியில்லை. தேதி தேதியாகப் பலருடைய வேலையைப் பார்க்கிற எங்களைப் போன்றவர்களுக்கு அது போதாது. கிளாசிக்குக் குறைந்தது 2029 வரை ஆதரவு உண்டு என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. வலது மூலையில் புதியதற்கு மாறச் சொல்லும் பொத்தானை எங்கள் ஆபீசில் யாரும் தொட வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.