வாடகை மேசையும் அரை அங்குலமும்: மொய் விருந்துக்குப் பொருள் எடுத்த அனுபவம்

ஆவணியில் நான்கு குடும்பங்கள் சேர்ந்து மொய் விருந்து (சாப்பாடு போட்டு மொய்ப்பணம் வாங்கி, பிறகு அவரவர் விருந்தில் திருப்பிச் செய்யும் வழக்கம்) வைக்க இருப்பதாகவும், மேசை நாற்காலிக்கு நாங்கள் வழக்கமாக எடுக்கும் வாடகைக் கடையையே பேசி முடித்துவிடலாமா என்றும் கீரமங்கலத்து நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். ஆம், இல்லை என்று தொலைபேசியில் சொல்லி முடிக்கிற விஷயமாக அது எனக்குப் படவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். தஞ்சாவூர் மாவட்டம் பேராவூரணிப் பக்கம் எங்கள் பங்காளி வீடுகளில் எந்த விசேஷம் நடந்தாலும் சமையல் ஒருவர் பொறுப்பு, பந்தல் ஒருவர் பொறுப்பு என்று பிரித்துக்கொள்வோம். உட்காரும் ஏற்பாடு என் பொறுப்பு. கஜா புயலுக்கு முன்பிருந்தே அந்தக் கடையின் பொருள்களோடு எனக்குப் பழக்கம். கடையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. கேட்ட நண்பருக்கு அது தெரியும், மற்றவர்களுக்கு அது தேவையில்லை.

ஆடியிலும் ஆவணியிலும் இந்த வட்டாரத்தில் நடக்கும் மொய் விருந்தைப் பற்றி நம் பக்கத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காக ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: கல்யாணத்துக்குப் போடும் இருக்கைக் கணக்கு இதற்குப் பொருந்தாது. கல்யாணத்தில் மேடைக்கு எதிரே மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பவர்களுக்காகவே நாற்காலி எண்ணிக்கை ஏறுகிறது. மொய் விருந்தில் மேடையும் இல்லை, பார்ப்பதற்கு எதுவும் இல்லை. வருகிறவர் கறிச் சோறு சாப்பிடுகிறார், மொய் எழுதுகிறார், அடுத்த விருந்துக்கு வண்டியை எடுக்கிறார். ஆகவே காத்திருப்பவர்களுக்கான நாற்காலிகளில் ஐம்பது குறைந்தாலும் சமாளித்துவிடலாம். சாப்பாட்டு மேசையில் கோளாறு வந்தால் விருந்தே கோளாறாகிவிடும்.

மேசைக் கணக்கு எளிமையானதுதான். ஆறடி நீளம், ஒன்றரை அடி அகலம் உள்ள மடக்கு மேசையில் ஒரு பக்கமாக மூன்று இலைகள் போடலாம். நூற்றைம்பது பேர் ஒரு பந்தியில் உட்கார வேண்டுமானால் ஐம்பது மேசைகள் தேவை. இலை போட்டதிலிருந்து எடுத்துத் துடைத்து அடுத்த இலை போடுகிற வரையில் ஏறக்குறைய அரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், பதினொரு மணிக்குத் தொடங்கி மூன்று மணிக்குள் எட்டுப் பந்திகளில் 1,200 பேரை உட்கார வைக்கலாம். எதிரெதிராகப் பார்த்து இருக்கும் இரண்டு வரிசைகளுக்கு நடுவே, வாளியோடு இரண்டு பேர் ஒருவரையொருவர் தாண்டிப் போவதற்கு நான்கடி விட வேண்டும். முதுகுப் பக்கத்திலும் இடம் விட வேண்டும். எழுந்திருக்கப் போகிறவரின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அடுத்த பந்திக்கு நிற்பவர்கள் எந்தக் காலத்திலும் மாறப்போவதில்லை.

இந்தக் கடையின் நாற்காலிகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சாப்பாட்டு வரிசைக்குக் கையில்லாத பிளாஸ்டிக் நாற்காலிகளையும் வாசலுக்குக் கைவைத்த நாற்காலிகளையும் கேட்டால், சொன்னபடி பிரித்து அனுப்புகிறார்கள். இது சிறிய விஷயம் போலத் தோன்றலாம். கைவைத்த நாற்காலி ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட இரண்டடி இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆறடி மேசைக்கு மூன்றைப் போட்டால் நடுவில் இருப்பவர் எழுந்திருக்கவே முடியாது, இடைவெளி விட்டால் வரிசை மேசையைவிட நீண்டுகொண்டே போய், கடைசியில் உட்கார்ந்திருப்பவருக்கு எதிரே மேசையே இருக்காது. வேறு கடைகளில் எது கையில் கிடைக்கிறதோ அதை ஏற்றி விடுவார்கள். இங்கே அப்படி இல்லை. முந்தைய விசேஷத்துச் சாம்பார் காய்ந்துபோன நாற்காலியை இவர்கள் அனுப்பி நான் பார்த்ததும் இல்லை. கழுவி, வெயிலில் காய வைத்து, பத்துப் பத்தாக அடுக்கி வருகிறது. அந்த அடுக்கு எண்ணுவதற்கும் உதவுகிறது. திரும்ப எடுக்க வரும் பையன்கள் நம்மைப் பக்கத்தில் நிற்க வைத்து எண்ணுகிறார்கள். குறைந்தால் உடனே கணக்கை எழுதி மிரட்டுவதில்லை. எதிரே இருக்கும் டீக்கடையிலும் பக்கத்து வீட்டுத் திண்ணையிலும் ஒருமுறை பார்த்துவிட்டு வரச் சொல்கிறார்கள். பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

நான் எதிர்பார்க்காமல் மகிழ்ந்த பொருள் ஒன்று இருக்கிறது: மொய் எழுதுகிற மேசை. சேர்ந்து விருந்து வைக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி மேசை, தனி நோட்டு, பணம் போடத் தனிப் பாத்திரம், மேலே பெயர்ப் பலகை என்று போட வேண்டும். பெரும்பாலான கடைகள் சாப்பாட்டு மேசையையே இதற்கும் தள்ளிவிடும். இவர்களிடம் எங்கோ ஏலத்தில் எடுத்த பழைய மர மேசைகள் சில இருக்கின்றன. மைக்கறை படிந்தவை, ஓரம் தேய்ந்தவை, தூக்க இரண்டு ஆள் வேண்டும். எழுதுகிறவர் முழங்கையை ஊன்றி ஒரு நாள் முழுவதும் பெயரும் ஊரும் தொகையும் எழுதினாலும் அவை ஆடுவதில்லை. நோட்டு எண்ணும் இயந்திரம் வந்த பிறகுதான் அந்த மேசையின் அருமை எனக்கு முழுமையாகப் புரிந்தது. மடக்கு மேசையில் இயந்திரம் ஓடும்போது மேசையும் சேர்ந்து நடுங்கும், பேனா பிடித்திருப்பவரின் எழுத்தும் நடுங்கும். நாளைக்கு அந்த எழுத்தை வைத்துத்தானே திருப்பிச் செய்ய வேண்டும்? மர மேசையில் அந்தப் பேச்சே இல்லை. இழுப்பறை வேறு இருக்கிறது. பேனா, ரப்பர் பேண்டு, சில்லறை எல்லாம் அதற்குள் போய்விடும். அதற்குத் தனி வாடகைகூட வாங்குவதில்லை.

இனி அந்தச் சாப்பாட்டு மேசைக்கு வருகிறேன்.

தனியாக ஒரு மேசையை எடுத்துப் பார்த்தால் குறையே தெரியாது. இரும்புக் குழாய்க் கால், ஒட்டுப்பலகை மேல்தட்டு, விளிம்பில் தகடு. எல்லாக் கடையிலும் இருப்பதுதான். பிரச்சினை, இரண்டு மேசைகளை வரிசையாகச் சேர்த்துப் போடும்போது வருகிறது. ஒன்று மற்றொன்றைவிட அரை அங்குலம் உயர்ந்திருக்கும், சில இடங்களில் ஓர் அங்குலம்கூட. சேரும் இடத்தில் ஒரு படி உண்டாகிவிடும். அதன் மேல் வெள்ளைக் காகிதச் சுருளை விரித்தவுடன் அந்தப் படி கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. இலை போடுகிறவர் இலைக்கணக்கைப் பார்ப்பாரா, காகிதத்துக்கு அடியில் மேடு இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பாரா? தலைவாழை இலையை நல்ல நீளத்தில் நறுக்கியிருந்தால், இடப்பக்கம் இருக்கும் நுனி எப்படியும் அடுத்த மேசைக்குள் சற்று நீளும். உயரமான மேசையில் அடிப்பக்கமும் தாழ்ந்த மேசையில் நுனியுமாக இலை சரிந்து கிடக்கும். சோற்றைக் குவித்துக் குழி பறித்து ஆட்டுக்கறிக் குழம்பை ஊற்றும்போது, மடை திறந்த பாத்தியைப் போல அது நேரே இணைப்பை நோக்கி ஓடும். இணைப்பில் இருக்கும் இடைவெளி வழியாகக் கீழே இறங்கும். கீழே இருப்பது விருந்துக்கென்று சலவை செய்து கட்டி வந்த வெள்ளை வேட்டி.

தண்ணீர்க் குவளையும் இப்படித்தான். காகிதக் குவளை அந்தப் படியின் மேல் பாதியும் கீழ் பாதியுமாக நிற்கும். வாளிக்காரரின் முழங்கை பட வேண்டியதுகூட இல்லை, பக்கத்து இலைக்காரர் அப்பளத்தை நொறுக்கினாலே போதும். கடந்த ஆடியில் என் தாய்மாமன் சாய்ந்த குவளையைப் பிடிக்கப் போய் ரசத்தை மடியில் வாங்கிக்கொண்டார். அவர் ஒரு சொல் சொல்லவில்லை. எழுந்து கை கழுவிவிட்டு, மொய் மேசைக்கு வந்து தொகையை எழுத வைத்துவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு போனார். அவர் திட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

காரணம் என்ன என்று கேட்டு அவர்களுடைய கொட்டகைக்கே போய்ப் பார்த்தேன். 2018 நவம்பரில் கஜா புயல் இந்தப் பக்கத்துத் தென்னைகளோடு அவர்கள் கொட்டகையின் கூரையையும் கொண்டுபோனது. அதில் நசுங்கிய மேசைகளுக்குப் பதிலாக ஒரு பட்டறையில் சொல்லிப் புதிதாகச் செய்தார்கள். 2020இல் கொரோனாவால் விசேஷங்களே நின்றபோது ஒரு பகுதியை விற்றார்கள்; தொழில் திரும்பியதும் வேறொரு பட்டறையில் இன்னொரு தொகுதி வாங்கினார்கள். ஒரு பட்டறைக்காரர் வைத்த கால் உயரம் மற்றவருக்குத் தெரியாது. ஆக மூன்று தலைமுறை மேசைகள் ஒரே கொட்டகையில் கலந்து கிடக்கின்றன. இதற்கு மேல், காலின் அடியில் இருக்க வேண்டிய ரப்பர் புஷ் பாதி மேசைகளில் இல்லை. புஷ் போன கால் அந்த அளவுக்குக் குட்டையாகிவிடுவதோடு, அடைப்பில்லாத குழாய் என்பதால் மணல் தரையில் மேசையின் பாரத்துக்கே இறங்கத் தொடங்குகிறது. முதல் பந்தியில் சமமாக இருந்த இடம்கூட நான்காவது பந்தியில் சமமாக இருப்பதில்லை.

ஆடியில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. மற்ற ஊர்களில் ஆடியில் முகூர்த்தம் இல்லாததால் வாடகைக் கடைகள் காற்று வாங்கும். நம் பக்கத்தில் அதுதான் உச்சம். கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் என்று ஒரே நாளில் பல இடங்களில் விருந்து இருக்கும்போது எந்தக் கடையின் இருப்பும் போதாது. வெளியூர்க் கடைகளிலிருந்து கைமாற்றாக வாங்கி அனுப்புவார்கள். அதில் குற்றமில்லை, தொழில் அப்படித்தான் நடக்கும். ஆனால் நம் குட்டியானையில் வந்து இறங்கும் மேசைகளில் நான்காவதாக ஓர் உயரம் சேர்ந்துவிடுகிறது.

உரிமையாளரிடம் நான் கேட்டது பெரிய செலவுள்ள காரியம் அல்ல. ஒரே உயரமுள்ள மேசைகளின் காலில் ஒரே நிறத்தில் ஒரு கோடு போடுங்கள். ஏற்றும்போது ஒரு வரிசைக்கு ஒரு நிறம் என்று ஏற்றுங்கள். போன புஷ்களைப் போடுங்கள். அவ்வளவுதான். “புஷ் போட்டா ஒரே விசேஷத்துல போயிருதுண்ணே, இழுத்து இழுத்துப் போடுறானுங்க” என்றார். அதுவும் உண்மைதான், மேசையைத் தூக்கி வைப்பவர்களை நானும் அதிகம் பார்த்ததில்லை. நிறக்கோட்டுக்கு, “செஞ்சிரலாம்ணே” என்றார். இதை அவர் ஒவ்வோர் ஆண்டும் சொல்கிறார். நாற்காலியைக் கழுவிக் காய வைக்கிற, எண்ணிக்கையில் ஒரு ரூபாய் ஏமாற்றாத, அதிகாலை ஐந்து மணிக்கு வரச் சொன்னால் நாலரைக்கே வண்டியோடு நிற்கிற ஒரு மனிதர், ஒரு டப்பா பெயின்டை ஏன் திறக்க மாட்டேன் என்கிறார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நேர்மையற்ற கடையாக இருந்தால் ஒரு சண்டையோடு விட்டுவிடலாம். இவரிடம் சண்டையும் போட முடியவில்லை, விடவும் முடியவில்லை.

இடைக்காலத்தில் நாங்கள் செய்யும் கைவேலை ஒன்று உண்டு. காகிதம் விரிப்பதற்கு முன்பு வரிசை முழுவதும் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே ஒருவர் நடந்து, தட்டுப்படும் இடங்களில் நிறுத்தி, தாழ்ந்த காலுக்கு அடியில் உடைந்த டைல்ஸ் துண்டைக் கொடுக்க வேண்டும். மட்டைத் துண்டு வேண்டாம், நனைந்தால் அமுங்கிவிடும். மணல் தரையாக இருந்தால் எல்லாக் கால்களுக்கும் அடியில் துண்டு கொடுப்பது நல்லது. இணைப்பின் மேல் அகலமான ஒட்டு நாடாவை ஒட்டிவிட்டுப் பிறகு காகிதம் விரித்தால், சரிவு இருந்தாலும் குழம்பு மடிக்கு இறங்காது. விருந்து நாளில் விடியற்காலையில் இந்த வேலைக்கு இரண்டு ஆள் ஒதுக்க வேண்டும். வாடகை கொடுத்து வாங்கிய மேசைக்கு நாம் ஏன் இதைச் செய்ய வேண்டும் என்ற கேள்வி ஒவ்வொரு துண்டை வைக்கும்போதும் எழும்.

நாற்காலியை இங்கேயும் சாப்பாட்டு மேசையை வேறு இடத்திலும் எடுக்கலாமே என்று நண்பர் கேட்கக்கூடும். பருவத்தில் மேசையை மட்டும் தனியாக யாரும் தர மாட்டார்கள். மேசை வண்டியில் இடத்தை அடைக்கும், வரும்படி நாற்காலியில்தான். தந்தாலும் வண்டி வாடகை, ஏற்றுகூலி, இறக்குகூலி எல்லாம் இரண்டு பங்காகும்.

ஆகவே என் பதில் இது. நேரம், சுத்தம், கணக்கு, பேச்சு, அந்த மர மேசை என்று எதை எடுத்தாலும் இந்த வட்டாரத்தில் இதைவிட நல்ல கடையை நான் பார்க்கவில்லை. ஆனாலும் நண்பர் அங்கே எடுக்க வேண்டாம். ஐந்தாண்டுக்கு ஒருமுறை வைக்கிற விருந்து. வந்தவர் வேட்டியில் குழம்போடு திரும்பினால், நாற்காலி பளபளவென்று இருந்ததை யாரும் ஊரில் பேசிக்கொண்டிருக்க மாட்டார்கள். அதையும் மீறி எடுப்பதானால், இரண்டு நாள் முன்பே கொட்டகைக்குப் போய், அளவு நாடாவை வைத்து அளந்து, ஒரே உயரமுள்ளவற்றைத் தனியாக ஒதுக்கிச் சாக்குக்கட்டியால் குறி போட்டுவிட்டு வரட்டும். எங்கள் வீட்டில் தையில் ஒரு காதணி விழா இருக்கிறது. அதே கடைக்குத்தான் முன்பணம் கொடுத்திருக்கிறேன். ரசீதின் அடியில் “மேசை அனைத்தும் ஒரே உயரம்” என்று எழுதித் தரச் சொன்னேன். “செஞ்சிரலாம்ணே” என்று சொல்லிக்கொண்டே எழுதிக் கொடுத்தார்.