ஆலை யாரோடது? நாலு விதமா சொல்ற சோஷலிசம்

சோஷலிசம்னா அரசாங்கம் ஆலையை எடுத்து நடத்துறதுன்னுதான் நம்மள்ல நிறைய பேர் நினைக்கிறோம், 1955ல ஆவடி காங்கிரஸ்ல "சோஷலிச பாணி சமுதாயம்"னு தீர்மானம் போட்டு அடுத்த வருஷமே கனரகத் தொழிலை பொதுத்துறைக்கு ஒதுக்குனதுல இருந்து அது மனசுல ஊறிடுச்சு. எங்கப்பா அப்படி ஒரு பொதுத்துறை ஆலையிலதான் இருபது வருஷம் காண்ட்ராக்ட்ல இருந்தாரு. பர்மனென்ட் ஆளுங்களுக்கு போட்டோ போட்ட கார்டு, அவருக்கு மாசாமாசம் சீல் குத்தி வாங்குற காகித பாஸ். ஆலை நாட்டோட சொத்துதான், ஆனா அதுல ஒரு வார்த்தை சொல்ல அவருக்கு உரிமை இல்ல.

சட்டம் சொல்ற அர்த்தம் வேற. 1976ல 42வது திருத்தத்துல "சோஷலிச"ங்கிற வார்த்தை அரசியல் சாசனத்தோட முகப்புரைக்குள்ள வந்துச்சு, 2024 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் அதுக்கு அர்த்தம் மக்கள் நல அரசுதான், தனியார் தொழிலுக்கு அது தடையில்லன்னு சொல்லிடுச்சு. ரேஷன் அரிசியில வளர்ந்தவன் நான், அதை குறைச்சு பேச மாட்டேன். ஆனா ஆலை யாரோடதுங்கிற கேள்வி அப்படியே நிக்குது.

எனக்கு மனசு ஒட்டுறது இந்தியன் காபி ஹவுஸ்தான். முதல்ல அதை நடத்துனது காபி போர்டு, அதாவது அரசு அமைப்பு. ஆவடி தீர்மானம் வந்த அந்த 50கள்லயே கடைகளை மூடுறோம்னு ஆளுங்களை வெளிய அனுப்ப ஆரம்பிச்சாங்க, அப்ப கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலன் நீங்களே கூட்டுறவு சங்கம் போட்டு நடத்துங்கன்னு அவங்களைத் திரட்டி, 1957ல பெங்களூர்ல சங்கம் வந்துச்சு, 1958ல திருச்சூர்ல. அதே காபி, விசிறி மாதிரி மடிச்ச அதே வெள்ளை தலைப்பாகை, ஆனா இப்ப டம்ளரைக் கொண்டாந்து வைக்கிறவருக்கு நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்க ஓட்டு இருக்கு!

கம்யூனிஸ்ட் கட்சி ஆண்ட யூகோஸ்லாவியா இன்னொரு வழியில போச்சு. 1950ல சட்டம் போட்டு ஆலைக்கு ஆலை தொழிலாளர் கவுன்சில், சொத்து அரசோடதும் இல்ல தொழிலாளியோடதும் இல்ல, "சமூகச் சொத்து". நல்ல யோசனைதான், ஆனா நடைமுறையில டைரக்டரும் கட்சியும் சொன்னதுதான் பெரும்பாலும் நடந்துச்சு, ஆலைக்குள்ள இருந்தவனுக்கு ஓட்டு, வேலை கிடைக்காதவன் 60கள்ல இருந்து மேற்கு ஜெர்மனிக்கு ரயில் ஏறுனான்.

கூட்டுறவுலயும் குறை இருக்கு, மறைக்க வேணாம். ஸ்பெயின்ல 1956ல ஆரம்பிச்ச மோன்ட்ராகன்ங்கிற தொழிலாளர் கூட்டுறவுக் குழுமத்துல ஆளுக்கு ஒரு ஓட்டு, ஆனா வெளிநாட்டு ஆலைகள்ல வேலை பார்க்குறவங்க பெரும்பாலும் உறுப்பினரே இல்ல. 2013ல அவங்க ஃபேகர் கம்பெனி திவாலானப்ப உறுப்பினர்கள் நிறைய பேருக்கு மத்த சங்கங்கள் வேலை குடுத்துச்சு. உறுப்பினரா இல்லாம அங்க வேலை பார்த்தவங்களுக்கு, எங்கப்பா மாதிரி ஆளுங்களுக்கு, அந்த உத்தரவாதம் இல்ல.