9,000 ரூபாய் கட்டி அறவியல் படித்த கதை

மதுரையில் ஒரு பயிற்சி மையத்தில் ஐ.ஏ.எஸ். மெயின்ஸின் எத்திக்ஸ் பேப்பருக்கு மட்டும் வார இறுதி வகுப்பு நடத்துகிறார்கள். 12 வகுப்பு, 4 மாதிரித் தேர்வு, 9,000 ரூபாய். போன மாதம்தான் முடித்தேன். மையத்தின் பெயரை எழுதப் போவதில்லை. அங்கே பாடம் எடுக்கிறவருக்கு என்னால் தொந்தரவு வரக்கூடாது, அவ்வளவுதான்.

நான் திண்டுக்கல் பக்கம் ஒரு கிராமத்தில் வி.ஏ.ஓ. வாரம் முழுக்க சிட்டா, அடங்கல், சான்றிதழ் மனு என்று போகும். சனிக்கிழமை காலை பஸ் ஏறி மதுரை போய், ஞாயிறு ராத்திரி திரும்புவேன். அதனால் வகுப்பு உருப்படியாக இருக்கிறதா என்பதில் எனக்குக் கொஞ்சம் கறார் உண்டு.

விஷயம் தெரியாதவர்களுக்கு: இந்தத் தாள் 2013-ல் வந்தது. 250 மதிப்பெண், 3 மணி நேரம். அதில் 120 மதிப்பெண் கேஸ் ஸ்டடிக்கு, அதாவது ஒரு சிக்கலான சூழலைக் கொடுத்து நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்பது. மொத்தம் ஆறு, ஒவ்வொன்றும் 20. தமிழிலேயே எழுதலாம். ஆனால் தமிழில் நல்ல குறிப்புகள் கிடைப்பது கஷ்டம். நான் சேர்ந்ததற்கு முக்கியக் காரணமே சார் தமிழில் நடத்துகிறார் என்பதுதான்.

முதல் இரண்டு வகுப்பும் சுமார். பெந்தாம், மில், காண்ட், அரிஸ்டாட்டில் என்று தத்துவவாதிகளை வரிசையாக எழுதிப்போட்டார். எதில் அதிகம் பேருக்கு அதிக நன்மையோ அது சரி என்பது பெந்தாமும் மில்லும் சொன்ன பயன்நோக்கு. விளைவு எதுவானாலும் கடமையை மீறாதே, மனிதரை வெறும் கருவியாக நடத்தாதே என்பது காண்ட். பெந்தாமின் எலும்புக்கூட்டுக்கு உடை மாட்டி லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் இன்னும் உட்கார வைத்திருக்கிறார்கள் என்றபோது மட்டும் பின்வரிசை நிமிர்ந்து உட்கார்ந்தது.

மூன்றாவது வகுப்பில்தான் சூடு பிடித்தது. தடம் மாறும் ட்ராலி கதையை, அதாவது ஐந்து பேரைக் காப்பாற்ற வண்டியை ஒருவர் மேல் திருப்பலாமா என்பதை, சொல்லப் போகிறார் என்று நினைத்தோம். அந்தப் புதிரை 1967-ல் ஃபிலிப்பா ஃபுட் என்ற தத்துவவாதி எழுதியதிலிருந்து எல்லா வகுப்பிலும் அதே ட்ராலிதான் ஓடிக்கொண்டிருக்கிறது. சார் அதை விட்டுவிட்டு ஓர் ஏரியை வரைந்தார். ராத்திரி இரண்டு மணி, மழை நிற்கவில்லை, உபரி நீர் வழியும் கலங்கலில் தண்ணீர் போதுமான அளவு வெளியேறவில்லை. கிழக்குக் கரையை வெட்டினால் நாற்பது ஏக்கர் நெல் போகும். வெட்டாவிட்டால் கரை தானாக மேற்கே உடைந்து காலனிக்குள் தண்ணீர் வரலாம். நீங்கள்தான் அங்கே நிற்கும் அதிகாரி.

எல்லோரும் "வெட்டு" என்றார்கள். நெல்லா, உயிரா? சரி என்று சார் ஒரு வரி சேர்த்தார்: நெல் பெரிய பண்ணைக்காரருடையது இல்லை, குத்தகைக்கு எடுத்தவர்களுடையது, நிவாரணப் பட்டியலில் அவர்கள் பெயர் வராது. அப்புறம் இன்னொன்று: கரை உடையும் என்பது உறுதியில்லை. வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிட்டது. வெட்டத்தான் வேண்டும் என்று நானும் நின்றேன். ஆனால் வெட்டிய பிறகு குத்தகைக்காரருக்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம் என்பதை அதுவரை யாருமே யோசிக்கவில்லை. சார் பேசியது முழுக்க அதைப் பற்றித்தான். பயிர்ச்சேதக் கணக்கில் குத்தகைக்காரர் விடுபடுவதை நானே பார்த்திருக்கிறேன், அதனால் எனக்கு உறைத்தது.

ஐந்தாவது வகுப்பில் என் சொந்தக் கேஸை வைத்தேன். எங்கள் ஊரில் தனியாக இருக்கும் ஒரு பாட்டி, முதியோர் உதவித்தொகைக்கு மனு. மாதம் 1,200 ரூபாய். குடும்ப அட்டையில் மகன் பெயர் இருக்கிறது. மகன் திருப்பூரில், ஐந்து வருடமாக எட்டிப் பார்க்கவில்லை. "ஆதரவு இல்லைன்னு எழுதிக் குடுத்துருப்பா" என்று பாட்டி தினம் வந்து திண்ணையில் உட்கார்ந்துகொள்ளும். "மகன் இல்லை" என்று ஒரு வரி எழுதினால் வேலை முடிந்தது.

பக்கத்தில் இருந்த பெண் உடனே வள்ளுவரைக் கூப்பிட்டார்: "பொய்மையும் வாய்மை யிடத்த". கொலைகாரன் வாசலில் வந்து நண்பன் எங்கே என்று கேட்டாலும் பொய் சொல்லாதே என்று 1797-ல் எழுதிய காண்ட்டை விட வள்ளுவர் இளகிய மனசுக்காரர் என்று எனக்கும் பட்டது. சார் அந்தக் குறளின் அடுத்த சொல்லைப் பிடித்தார், "புரைதீர்ந்த". குற்றமில்லாத நன்மையாக இருக்கவேண்டும். "இன்னொரு பாட்டி உண்மையை எழுதிக் கொடுத்துவிட்டு வரிசையில் நிற்குதே, அதுக்கு?" என்றார். பிறகு என்னிடம், "பொய் எழுதவா வேண்டாமா என்றே கேட்கிறீங்க. உண்மையை முழுசா எழுதிப் பார்த்தீங்களா?" என்றார்.

எழுதவில்லை. மறுவாரம் எழுதினேன்: மகன் உண்டு, இத்தனை வருடமாக ஆதரவு இல்லை, பக்கத்து வீட்டார் இருவரின் வாக்குமூலம், நேரில் போய் விசாரித்த தேதி. ஒரு பக்கம் வந்தது. ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) மேலே அனுப்பியிருக்கிறார், உத்தரவு இன்னும் வரவில்லை. கொடுத்த 9,000-ல் பாதி எனக்கு அன்றைக்கே திரும்பிவிட்டது.

இனி குறைகள். மாதிரித் தேர்வு மோசம். திருத்துவது சார் இல்லை, யாரோ. அவசரத்தில் நான் காண்ட் பெயரைப் போட்டு அதன் கீழே பெந்தாமின் கருத்தை எழுதிவிட்டேன். பக்கத்தில் பெரிய டிக், 10-க்கு ஐந்தரை, "விளக்கப்படம் சேர்க்கவும்" என்று குறிப்பு. கேஸ் ஸ்டடிக்கு ஒரு அச்சும் கொடுக்கிறார்கள்: சம்பந்தப்பட்டவர் பட்டியல், மதிப்புகள், மூன்று வழிகள், முடிவு. மதிப்பெண்ணுக்கு அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் அந்த அச்சில் ஊற்றினால் என் பாட்டியும் அந்த ஏரியும் ஒரே மாதிரி வந்து விழும்.

பெரிய குறை வாசலில் இருக்கிறது. தேர்ச்சி பெற்றவர்கள் போஸ்டரில் உள்ள ஒருவர் அங்கே படித்தவரே இல்லை, இலவச மாதிரி நேர்காணலுக்கு ஒரு நாள் வந்தவர். எந்தப் பயிற்சியில் சேர்ந்தார் என்பதை மறைத்து இப்படி விளம்பரம் செய்யக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வழிகாட்டுதலே வெளியிட்டிருக்கிறது. கடைசி வகுப்பில் ஒரு பையன் எழுந்து கேட்டுவிட்டான்: "சார், வாசல் போஸ்டரை கேஸ் ஸ்டடியா எடுத்துக்கலாமா?"

சார் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு போர்டில் "20 மதிப்பெண்" என்று எழுதினார். சம்பந்தப்பட்டவர் பட்டியலில் முதல் பெயராகத் தன் பெயரைப் போட்டார். முதலாளியிடம் இரண்டு முறை சொன்னதாகவும், வேலையை விடும் நிலையில் தான் இல்லை என்றும், வீட்டுக்கடன் இருப்பதையும் சொன்னார். கூச்சத்தை மறைக்கவில்லை. ஒன்றரை மணி நேரம் அதையே அலசினோம். அரிஸ்டாட்டிலின் துணிவு, அதாவது கோழைத்தனத்துக்கும் முரட்டுத்தனத்துக்கும் நடுவில் இருப்பது, எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. சார் அந்த நடுவில் நின்றாரா என்பதில் பஸ்ஸிலும் சண்டை போட்டுக்கொண்டு வந்தோம்.

வகுப்பில் வாயைத் திறக்கிறவர் என்றால் சேரலாம். திருத்திய விடைத்தாளுக்காக மட்டும் என்றால் வேண்டாம். தமிழில் எழுதுகிறவர்களுக்கு சாரின் கையெழுத்துக் குறிப்புகளே போதும், ஜெராக்ஸ் 140 ரூபாய்.

சான்றிதழ் வாங்கப் போன வாரம் போயிருந்தேன். போஸ்டரில் அந்தப் படம் அப்படியே இருக்கிறது. கீழே புதிதாக ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தார்கள்: "மாதிரி நேர்காணல் மட்டும்". கிட்டே போய்க் குனிந்தால்தான் தெரிகிறது.