ஐந்தாண்டுத் திட்டமா, செமஸ்டர் இலக்கா?

கல்லூரியில் படிக்கும்போது வேலைக்கான இலக்கை இரண்டு விதமாக வகுக்கலாம். ஒன்று, எந்த வேலையில் போய் அமர வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்து, அங்கிருந்து பின்னோக்கி ஒவ்வொரு வருடத்துக்கும் வேலையைப் பிரித்து வைப்பது. மற்றொன்று, திசையை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு, இந்த செமஸ்டருக்குள் எதை முடிப்பது என்று தீர்மானிப்பது. நான் தேர்ந்தெடுத்தது இரண்டாவது. அதனால் பேச்சு அந்தப் பக்கம் கொஞ்சம் சாயும்.

ஐந்தாண்டுத் திட்டத்தின் நல்ல பக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வீட்டில் கேட்டால் சொல்ல ஒரு பதில் இருக்கும், எந்தப் பாடத்தை எடுப்பது என்ற குழப்பம் குறையும். இதற்கு ஆதரவாக ஒரு கதையும் சுற்றுகிறது: 1953இல் யேல் பல்கலைக்கழகத்தில் இலக்கை எழுதி வைத்த 3 சதவீத மாணவர்கள், பின்னாளில் மற்ற 97 சதவீதம் பேரும் சேர்ந்து சேர்த்ததைவிட அதிகம் சொத்து சேர்த்தார்களாம். அப்படி ஓர் ஆய்வு நடக்கவே இல்லை. தேடிப் பார்த்தவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. திட்டம் தடம் மாறினால் அதைச் சரிசெய்ய எவ்வளவு உழைப்பு பிடிக்கும்?

தடம் மாறத்தான் செய்யும். பியூலர், கிரிஃபின், ராஸ் என்ற மூன்று உளவியலாளர்கள் 1994இல் வெளியிட்ட ஆய்வில், இறுதியாண்டு மாணவர்களிடம் ஆய்வேட்டை எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். மாணவர்கள் சொன்னது சராசரியாக 33.9 நாள், பிடித்தது 55.5 நாள். கையில் இருக்கும் ஒரே ஒரு வேலைக்கே கணக்கு இவ்வளவு பிசகினால், ஐந்து வருடத்தை மாதவாரியாகப் போட்டு வைத்த அட்டவணை என்ன ஆகும்? அதில் ஒவ்வொன்றும் முந்தையதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. இன்டர்ன்ஷிப் தள்ளிப்போனால் அதை நம்பியிருந்த ப்ராஜெக்ட் தள்ளிப்போகும், அப்புறம் அதை நம்பியிருந்த விண்ணப்பமும். முழு அட்டவணையையும் திருத்த உட்காருகிறவர்கள் குறைவு. அது சுவரில் ஒட்டியபடியே இருக்கும், பார்க்கும்போதெல்லாம் குற்ற உணர்வு வரும்.

செமஸ்டர் இலக்குக்கு அந்தத் தொல்லை இல்லை. தேர்வு முடிந்ததும் அதுவாகவே காலாவதியாகிவிடும். எது நடந்தது, எது நடக்கவில்லை என்று பார்த்து அடுத்ததை எழுத ஒரு மாலை போதும். இரண்டாம் வருடத்தில் ஆர்வம் வேறு பக்கம் திரும்பினாலும் பெரிதாக எதையும் கலைக்க வேண்டியதில்லை.

எழுதும் விதத்தில் மட்டும் கவனம் வேண்டும். 'டேட்டா அனலிஸ்ட் ஆவேன்' என்பது பாதிக்கு மேல் அடுத்தவர் கையில் இருக்கிறது. 'எஸ்க்யூஎல் (தரவுத்தளத்திலிருந்து தகவலை எடுக்க உதவும் கணினி மொழி) கற்று, பொதுவில் கிடைக்கும் தரவை வைத்து ஒரு ப்ராஜெக்ட் முடிப்பேன், அந்த வேலையில் இருக்கும் இரண்டு பேரிடம் பேசுவேன்' என்பது முழுக்க நம் கையில். கூடவே நேரத்தையும் இடத்தையும் சேர்த்துவிட வேண்டும்: 'செவ்வாய்க்கிழமை லேப் முடிந்ததும் நூலகத்தில் ஒரு மணி நேரம்.' இப்படி 'இது நடந்தால் இதைச் செய்வேன்' என்று முடிச்சுப் போட்டு வைத்தால் வேலை நடக்கும் வாய்ப்பு கூடுகிறது என்பது உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் ஆராய்ந்து காட்டிய விஷயம்.

இதிலும் ஓட்டை உண்டு. சின்னச் சின்னதாக, பிடித்ததாகவே செய்துகொண்டிருந்தால் சில செமஸ்டர் கழித்து எதுவும் எதோடும் ஒட்டாமல் நிற்கும். அதற்காக ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும் நமக்குப் பிடித்த மாதிரியான சில வேலை விளம்பரங்களை எடுத்து, திரும்பத் திரும்பக் கேட்கப்படும் திறன்களை அடிக்கோடிட்டுப் பார்ப்பது நல்லது. அடுத்த இலக்கு பெரும்பாலும் அங்கேயே கிடைத்துவிடும். இன்டர்ன்ஷிப் விண்ணப்பங்களுக்கான கடைசித் தேதி பல மாதம் முன்னாலேயே வந்துவிடலாம் என்பதால், அதை மட்டும் செமஸ்டர் கணக்கில் அடக்காமல் காலண்டரில் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

மருத்துவம், ஆக்சுவரி (காப்பீட்டு அபாயங்களைக் கணக்கிடும் தொழில்) மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகத் தேர்வு எழுதி ஏற வேண்டிய துறைகளுக்கு இதெல்லாம் எந்த அளவுக்குப் பொருந்தும் என்று அடித்துச் சொல்லமாட்டேன். நான் படித்தது அந்த வகை இல்லை. அங்கே வரிசையே முன்கூட்டி வகுக்கப்பட்டிருப்பதால் நீண்ட திட்டம் வேண்டியிருக்கும் என்றுதான் தோன்றுகிறது. அப்போதும் அந்த வரிசைக்குள் இந்த செமஸ்டரில் என்ன செய்வது என்பதைத் தனியாக எழுதி வைத்துக்கொள்ளத் தடையில்லை.