பறவை மோதாமல் தடுக்கும் கண்ணாடிப் புள்ளிகள்: வாங்கலாமா?

பூங்கா ஓரத்தில் கண்ணாடிக் கட்டடம் எழுந்துவிட்டால் அதை இடிக்க முடியாது. பறவை மோதாமல் தடுக்கலாம். கண்ணாடியில் தெரியும் மரத்தை நிஜ மரம் என்று நம்பித்தான் அது வேகமாக வந்து மோதுகிறது. செப்டம்பர், அக்டோபரில் வலசை வந்து சென்னையில் களைத்து இறங்கும் ஆறுமணிக்குருவிக்கும் இதே கதிதான்.

கனடாவின் ஃபெதர் ஃப்ரெண்ட்லி புள்ளி நாடா இதற்கு நல்ல மருந்து, முழுசாக ஒட்டினால். கண்ணாடியைக் கழுவி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு நாடாவை ஒட்ட வேண்டும். அழுத்தித் தேய்த்தபின் மெல்ல உரித்தால் 6 மி.மீ. அளவுள்ள புள்ளிகள் மட்டும் தங்கும். தூசியோ கடற்காற்றின் உப்புப் படலமோ மிச்சமிருந்தால் புள்ளியும் நாடாவோடு வந்துவிடும்.

புள்ளிக்குப் புள்ளி 5 செ.மீ., வரிக்கு வரியும் 5 செ.மீ. வரிகளுக்கு 10 செ.மீ. விட்டால் போதும் என்ற பழைய கணக்கை நம்பாதீர்கள், சின்னப் பறவை அந்த இடைவெளியில் நுழையப் பார்க்கும். அப்படியானால் ஒரு சதுர மீட்டருக்கு 20 மீட்டர் நாடா தேவை. 30 மீட்டர் சுருள் ஒன்றரைச் சதுர மீட்டரோடு தீர்ந்துவிடும். பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்: ஒரு சுருள் வாங்கி நான்கு ஜன்னலுக்கு நிரவுவார்கள். ஒற்றைப் பருந்து ஸ்டிக்கரும் வீண். பறவை அந்த ஸ்டிக்கரை விலக்கிப் பறந்து பக்கத்துக் கண்ணாடியில் மோதும், அவ்வளவுதான்.

உட்பக்கம் ஒட்டாதீர்கள். வெளியே மரத்தின் பிம்பம் அப்படியே இருக்கும், புள்ளி அதற்குப் பின்னால் மறைந்துபோகும்.

பலன் உண்டா? சிகாகோவில் ஏரிக்கரைப் பூங்காவை ஒட்டியுள்ள மெக்கார்மிக் பிளேஸ் மாநாட்டு மையத்தில் 2023 அக்டோபரில் ஒரே இரவில் 961 பறவைகளாவது செத்தன. 2024 கோடையில் 12 லட்சம் டாலர் செலவில் புள்ளிப் படலம் ஒட்டினார்கள். அந்த இலையுதிர் பருவத்தில் சாவு சுமார் 95% குறைந்தது. ஆனால் இரவில் விளக்கெரிந்தால் வெளிச்சமே வலசைப் பறவைகளை இழுத்துவரும். திரையை இறக்குங்கள், விளக்கை அணையுங்கள்.

ஒட்டியபின் சுரண்டியால் கண்ணாடி துடைக்கக் கூடாது, மென்துணி போதும். நாடா விலை கட்டாவிட்டால் வெள்ளை ஆயில் பெயின்ட் மார்க்கரால் அதே அளவில் புள்ளி வைக்கலாம். கை வலிக்கும், பலன் குறையாது. கட்டடம் முழுக்கச் செய்யக் காசு இல்லையென்றால் மரத்தைப் பார்த்த முகப்பில், மர உச்சி உயரம் வரை முதலில் முடியுங்கள். நியூயார்க்கில் 2021 முதல் நடப்பிலுள்ள சட்டமும் புதுக் கட்டடங்களில் கீழ் 75 அடியைத்தான் முதன்மையாகக் குறிவைக்கிறது.